எடை பார்த்த பிறகு பேச வேண்டியவை

(கடையநல்லூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உடல் எடை. எதைச் சாப்பிட்டால் எடை குறையும் என்று பட்டியல் சொல்ல நான் வரவில்லை. அப்படிப்பட்ட பட்டியல்கள் உங்கள் செல்பேசிக்கு நாள்தோறும் வருகின்றன. எடையைப் பற்றி மருத்துவரும் நோயாளியும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எப்படிப் பேசினால் பலன் உண்டு என்பதையே சொல்ல வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். எடையைப் பற்றிய பேச்சும் ஒரு சிகிச்சை. மாத்திரைக்கு அளவும் வேளையும் இருப்பது போல அதற்கும் ஒரு முறை உண்டு. முறையாகப் பேசினால் குணம் தரும். முறைதவறினால் நோயாளியை மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் செய்துவிடும்.

நம் வீடுகளின் நிலை

நம் பாட்டிமார் காலத்தில் இந்த ஊரின் கவலை வேறு. தறி ஓடினால்தான் உலை கொதிக்கும் என்றிருந்த நெசவு வீடுகளில் பிள்ளை பூசினாற்போல் இருந்தால் அது பெருமை. அந்த நினைவு இன்னும் நம்மை விடவில்லை. வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருபவரைப் பார்த்ததும், "என்ன இப்படி மெலிஞ்சு போயிட்டிய?" என்றுதான் வாசலிலேயே வருத்தப்படுகிறோம். அக்கறையை நாம் சோற்றால் காட்டிப் பழகியவர்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நம் உடம்புகள் இப்போது வேறு கதை சொல்கின்றன.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 சதவீதமாக இருந்தது. ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது 37 சதவீதமாகிவிட்டது. நாடு முழுவதுக்குமான சராசரி, பெண்களில் 24 சதவீதம், ஆண்களில் ஏறத்தாழ 23 சதவீதம். அதாவது இந்தியச் சராசரியைவிட நாம் வெகுதூரம் முன்னே போய்விட்டோம்.

இந்தக் கணக்கும் உண்மையைக் குறைத்தே காட்டுகிறது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். கணக்கெடுப்பு அதில் 25-ஐ எல்லையாகக் கொள்கிறது. இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை, 25-லிருந்தே உடல் பருமன் என்று கொள்ள வேண்டும் என 2009-இல் இந்திய மருத்துவர்கள் ஒருமித்த வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை.

நமக்கு மட்டும் ஏன் இந்தத் தாழ்ந்த எல்லை? 2004-இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. "நான் ஒண்ணும் குண்டு இல்லையே, எனக்கு எப்படி சுகர் வந்தது?" என்று கேட்பவர்களுக்கான பதிலும் இதில் இருக்கிறது.

பீடித் தட்டின் முன்னால்

எண்களை விட்டு ஒரு வீட்டுக்குள் போவோம். இந்த வட்டாரத்தில் பல தெருக்களில் காணக்கூடிய காட்சி இது. காலை வேலை முடிந்ததும் ஒரு பெண் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் பீடித் தட்டை வைத்து உட்காருகிறார். இலையை நனைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அதனால் எழுந்து நடந்தால் கூலி குறையும். எழாமல் இருக்கத் தண்ணீரைக்கூடக் குறைவாகக் குடிக்கிறார். கை சோராமல் இருக்க டீ வேண்டும். காலைச் சாப்பாடு எல்லோரும் கிளம்பிய பிறகு 11 மணிக்கு. மதியச் சோறு 3 மணிக்கு. இரவில் பிள்ளைகள் பரோட்டா கேட்டால் கடையிலிருந்து சால்னாவோடு வரும். மிஞ்சியதை வீணாக்காமல் தின்பவரும் இவரே.

இவர் ஒரு நாள் முழங்கால் வலியோடு மருத்துவரிடம் வருகிறார்.

"முட்டு ரெண்டும் வலிக்கு டாக்டர். தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல."

"எத்தனை கிலோ இருக்கீங்க? அறுபத்தஞ்சா? எடையைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும். மாத்திரை எழுதியிருக்கேன்."

"சரி டாக்டர்."

அவ்வளவுதான் உரையாடல். மருத்துவர் சொன்னதில் பொய் இல்லை. முழங்கால் தேய்மானம் உள்ள முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது என்று காட்டியது. மூன்று கிலோ குறைந்தால் அடிக்குப் பன்னிரண்டு கிலோ சுமை இறங்கும். இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நிமிர்ந்து கேட்டிருப்பார். அவர் காதில் விழுந்தது வேறு. வீட்டுக்குப் போய், "எந்நேரமும் தின்னுக்கிட்டே இருக்கேன்னு நினைக்காரு டாக்டர்" என்கிறார். எல்லோரும் உண்டபின் உண்கிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை வலி வந்தால் இவர் மருத்துவரிடம் போகமாட்டார். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மூட்டுவலி மாத்திரை வாங்குவார். அப்படி வாங்கும் பொட்டலங்களில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் அது எடையையும் சர்க்கரையையும் சேர்த்தே ஏற்றும்.

இருவரும் ஏன் வாய் திறப்பதில்லை

மருத்துவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு நோயாளியோடு மருத்துவர் செலவிடும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 நொடி என்று காட்டியது. இந்தியாவில் அது சுமார் இரண்டு நிமிடம். புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது, உள்ளே இருக்கும் மருத்துவருக்கு எடையைப் பற்றிப் பேசத் தொடங்கவே அச்சமாக இருக்கும். தொடங்கினால் முடியாது, நோயாளி வருத்தப்படுவார், பேசினாலும் பலன் இருக்காது என்ற எண்ணம் அவரிடம் ஊறியிருக்கிறது.

11 நாடுகளில் நடந்து 2019-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பு இந்த எண்ணங்களைச் சோதித்தது. ஒரு மருந்து நிறுவனத்தின் நிதியில் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்க்கும் ஐக்கிய அரபு அமீரகமும் சவூதி அரேபியாவும் அந்த 11-இல் உண்டு. மருத்துவர்களில் 71 சதவீதம் பேர், நோயாளிக்கு எடை குறைப்பதில் ஆர்வம் இல்லை என்று நினைத்தார்கள். ஆர்வம் இல்லை என்று சொன்ன நோயாளிகளோ 7 சதவீதம் பேர் மட்டுமே. டாக்டரே பேச்சைத் தொடங்க வேண்டும் என்று விரும்பியவர்கள் 68 சதவீதம். எடையோடு போராடத் தொடங்கியதற்கும், அதைப் பற்றி மருத்துவரிடம் முதன்முதலில் பேசியதற்கும் இடையே சராசரியாக ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. அவர் கேட்கட்டும் என்று இவரும், இவர் சொல்லட்டும் என்று அவரும் இருந்து கழிந்த ஆறு ஆண்டுகள் அவை. அதற்குள் சர்க்கரை வந்துவிடுகிறது, ரத்தக்கொதிப்பு வந்துவிடுகிறது, ஈரலில் கொழுப்பு படிந்துவிடுகிறது.

உடம்பு எதிர்க்கிறது

"மனசு வச்சா குறைச்சிரலாம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உடம்பு அவ்வளவு எளிதாக இணங்காது. எடை குறையக் குறையப் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடும், வயிறு நிறைந்ததை உணர்த்தும் சுரப்புகள் குறையும், சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியும் குறையும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் எடை திரும்பி ஏறியிருந்தது. ஆறு ஆண்டுக்குப் பின்னும் அவர்கள் உடல் எரிக்கும் கலோரி, எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 குறைவாகவே இருந்தது. இழந்ததை மீட்கத்தான் உடம்பு ஓயாமல் முயல்கிறது. திரும்பி ஏறியவரைச் சோம்பேறி என்று பழிப்பவர் இந்த உண்மையை அறியாதவர்.

எடை ஏற மருந்துகளும் காரணமாகலாம். இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டுகள், சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் எடையைக் கூட்டும். மருந்தை மருத்துவர்களாகிய நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு, எடை ஏறியதற்கு நோயாளியைக் கண்டிப்பது முறையாகாது. நோயாளிகளும் இதைக் கேட்டுத் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அனுமதி கேட்டுத் தொடங்குவது

அப்படியானால் எப்படிப் பேசுவது? இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் வேறு காரணத்துக்காக வந்த 1,882 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் லான்செட்டில் வெளியானது. எடையைப் பற்றி மருத்துவர் பேசியது 30 நொடி மட்டுமே. ஒரு பிரிவினரிடம், எடை குறைந்தால் உடலுக்கு நல்லது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். இன்னொரு பிரிவினரிடம், வாரம் ஒருமுறை கூடும் எடைக் குறைப்புக் குழுவில் சேர விருப்பமா என்று கேட்டு, சரி என்றவர்களுக்கு அப்போதே அங்கு இடம் பதிவு செய்து, திரும்ப வந்து பார்க்கவும் சொன்னார். 77 சதவீதம் பேர் சேரச் சம்மதித்தார்கள். ஓராண்டு கழித்து முதல் பிரிவினர் சராசரியாக ஒரு கிலோ குறைந்திருந்தார்கள், இரண்டாம் பிரிவினர் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. மருத்துவர் பேசியது பொருத்தமற்றது, பயனற்றது என்று சொன்னவர்கள் 1,882 பேரில் நாலு பேர்தான்.

இதில் நாம் கற்க வேண்டியது இரண்டு. கனிவாகப் பேசினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அறிவுரைக்குப் பின்னால் போக ஓர் இடமும் திரும்பி வர ஒரு தேதியும் இருந்தால்தான் அது வேலை செய்கிறது. கனடா 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முதல் படியாக வைத்திருப்பது, எடையைப் பற்றிப் பேச நோயாளியிடம் அனுமதி கேட்பதையே.

நம் பீடித் தட்டுப் பெண்ணிடம் அதே மருத்துவர் இப்படித் தொடங்கியிருக்கலாம்.

"முட்டுக்கு மாத்திரை தாரேன்மா. அதோட எடையைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமா? இன்னைக்கு வேண்டாம்னா அடுத்த தடவை பேசிக்கிடலாம்."

"பேசுங்க டாக்டர். நானே கேக்கணும்னுதான் இருந்தேன். கடைசிப் பிள்ளை பெத்து ஆபரேஷன் பண்ணதுல இருந்து உடம்பு போட்டுட்டு."

"அதுக்கு முன்னால என்ன வேலை பாத்திய?"

"வயலுக்குப் போவேன். அப்புறந்தான் பீடி சுத்த உக்காந்தேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை டீ ஆகும்?"

"அஞ்சு இருக்கும். டீ இல்லன்னா கை ஓடாது."

"சீனி?"

"டீக்கு ரெண்டு கரண்டி."

"இதுல உங்களால மாத்த முடிஞ்சது எது?"

"டீயை விட முடியாது. சீனியை வேணும்னா பாதியாக்கலாம்."

"அது போதும். அடுத்த மாசம் இதே கிழமை வாங்க, பாப்போம்."

இந்தப் பேச்சுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் எத்தனை வேலை நடந்திருக்கிறது பாருங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையால் உடம்பு போட்டது என்ற நம்பிக்கையை மருத்துவர் ஏளனம் செய்யவில்லை. அந்த அறுவையில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள், சினைப்பைகள் முன்போலவே வேலை செய்யும் என்பதைப் பிறகு விளக்கலாம். முதலில் அந்தக் காலத்தில் வாழ்க்கையில் வேறு என்ன மாறியது என்று கேட்டதும், நடந்து செய்த வேலை போய் உட்கார்ந்து செய்யும் வேலை வந்தது தெரிந்துவிட்டது. ஐந்து டீ, பத்துக் கரண்டி சீனி என்றால் ஏறத்தாழ 50 கிராம், 200 கலோரி. சேர்க்கும் சீனியை முடிந்தால் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அந்தப் பெண் தானாகவே சொன்ன பாதி அந்த அளவில் வந்து நிற்கிறது. தான் சொன்ன முடிவு என்பதால் அதைக் காப்பாற்றவும் அவருக்கு மனம் வரும்.

அவர் சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று கேட்பார். இந்த வட்டாரத்தில் கேட்காதவர் இல்லை. கருப்பட்டியும் இனிப்புதான், கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். தைராய்டாக இருக்குமோ என்றும் கேட்பார். ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிடலாம். தைராய்டு குறைபாட்டால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

வெட்கப்படுத்தினால் என்ன ஆகும்

கண்டித்துச் சொன்னால்தான் கேட்பார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்களுக்கு நம் உறவுகள் வாழும் சிங்கப்பூரின் அனுபவத்தைச் சொல்கிறேன். கடையநல்லூர்க்காரர்கள் 1941-லேயே அங்கு முஸ்லிம் லீக் என்ற சங்கம் அமைத்து வாழ்ந்தவர்கள். அந்நாட்டின் செய்தி நமக்கு அயலார் செய்தி ஆகாது. 1992-இல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் எடை கூடிய மாணவர்களுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. அவர்களைத் தனியே பிரித்து, இடைவேளையிலும் பள்ளி முடிந்த பிறகும் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். எடை கூடியவர்களின் விகிதம் குறையத்தான் செய்தது. ஆனால் பிரித்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். 2007-இல் அத்திட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லா மாணவர்களின் உடல்நலத்தையும் ஒன்றாகப் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். எண்ணில் வெற்றி கிடைத்தும் ஓர் அரசு தன் முறையை மாற்றிக்கொண்டது.

நம் மருத்துவமனைகளில் எடை எந்திரம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வரிசை நிற்கும் நடையில். ஒருவர் ஏறி நிற்க, இன்னொருவர் "எண்பத்திரண்டு!" என்று உரக்கச் சொல்ல, மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். பக்கத்துத் தெருக்காரர், சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் அந்த எண் கேட்டுவிடும். எந்திரத்தை ஒரு திரைக்குப் பின்னால் நகர்த்துவதற்குச் செலவே இல்லை. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றி ரத்தக்கொதிப்பு பார்த்தால் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்; இல்லாத கொதிப்புக்கு மாத்திரை தொடங்க நேரலாம். பெரிய பட்டை ஒன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். கை வைத்த குறுகிய நாற்காலியில் ஒருவர் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தால், நாம் பேசத் தொடங்கும் முன்பே அந்த அறை அவரிடம் பேசிவிட்டது.

எண் குறையாவிட்டாலும்

எடை எந்திரத்தின் எண் அசையவில்லை என்றால் முயற்சியெல்லாம் வீண் என்று மருத்துவரும் நோயாளியும் கைவிட்டுவிடுகிறார்கள். நம் சென்னையில் நடந்த ஆய்வு இதற்குத் தக்க மறுமொழி. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்யத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதம். இதில் வியப்பு என்னவென்றால், இவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. நடந்தார்கள், சோற்றையும் எண்ணெயையும் சீனியையும் அளந்தார்கள். எந்திரத்தின் எண் மாறாமலே நோய் தள்ளிப்போனது.

அவர்களுக்கு வழிகாட்டப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசினார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள். அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்குச் செல்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்தது. விடாமல் தொடரும் பேச்சுக்கு இவ்வளவு வலு உண்டு.

ஆகவே எடையோடு வேறு அளவுகளையும் குறித்து வையுங்கள். இடுப்புச் சுற்றளவு, சாப்பிட்டபின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, குறட்டை குறைந்ததா, தொழுகையில் மண்டியிட்டு எழ முடிகிறதா என்பவையெல்லாம் முன்னேற்றத்தின் அளவுகள்தாம். 65 கிலோ உள்ளவருக்கு 50 கிலோ என்ற இலக்கைக் கொடுத்தால் அவர் முதல் மாதமே மனம் தளர்வார். உடல் எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றேகால் கிலோ குறைந்தாலே சர்க்கரையிலும் கொதிப்பிலும் பலன் தெரியத் தொடங்கும்.

எடை குறைக்கும் புதிய ஊசிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2025-இல் மவுஞ்சாரோ மார்ச் மாதத்திலும் வெகோவி ஜூன் மாதத்திலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாகுளூடைடு, 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைத்ததாக 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வின் தொடர்ச்சியில், ஊசியை நிறுத்தி ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இவை நல்ல மருந்துகள். தேவைப்படுவோர் தயங்க வேண்டாம். ஆனால் எவ்வளவு காலம் போட வேண்டும், செலவு எவ்வளவு, குமட்டல் வந்தால் என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசிய பிறகே தொடங்க வேண்டும். இணையத்தில் பார்த்துத் தாமே வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

நோயாளிகளுக்கு ஒரு சொல்

ஒரு கை தட்டினால் ஓசை எழாது. நீங்களும் வாய் திறக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் நோய்க்கும் எடைக்கும் தொடர்பு உண்டா, நான் சாப்பிடும் மருந்தில் எடை கூட்டுவது எது, எனக்கு எத்தனை கிலோ குறைந்தால் போதும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று நாலு கேள்வி போதும். எடை பார்க்க மனம் இல்லை என்றால், "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. "சரி டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து செய்யாமல் விடுவதைவிட, "இது என் வீட்டுல நடக்காது" என்று உள்ளேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. வேறு வழி யோசிக்கலாம்.

வீட்டாருக்கும் சொல்கிறேன். மருமகளைப் பார்த்து, மகளைப் பார்த்து, ஊர் நடுவே "எப்படி வீங்கிட்டா பாரு" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். அவர் நடக்கப் போகும் அரைமணி நேரம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

நம் ஊரில் செய்யக்கூடியவை

இங்கிலாந்து மருத்துவருக்கு அனுப்ப ஒரு குழு இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? நமக்கும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் நம் தெருக்களிலேயே வாழும் பெண்கள். கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு மாதந்தோறும் வாசற்படி ஏறுகிறார்கள். மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவு செய்த ஒரே ஒரு மாற்றத்தை நோயாளியின் சீட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டால், "அக்கா, டீயில சீனியக் குறைச்சியளா?" என்று அவர் கேட்பார். தொடர் பேச்சுக்கு வேண்டிய ஆள் வீட்டு வாசலுக்கே வருகிறார். சீட்டில் அந்த ஒரு வரி இல்லாததுதான் குறை.

பெண்கள் நடக்க இடம் வேண்டும். பெருஞ்சாலையில் லாரிகளுக்கு இடையில் நடக்கச் சொல்வது அறிவுரை ஆகாது. அதிகாலைத் தொழுகை முடிந்து நாலைந்து பேராகச் சேர்ந்து நடக்கிறவர்களும், மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளி மைதானங்களைக் காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்குத் திறந்துவிட நகராட்சியும் பள்ளி நிர்வாகங்களும் மனம் வைத்தால் இந்த எண்ணிக்கை பெருகும்.

ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாகவே சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது உலக அளவிலான வழிகாட்டுதல். நோன்பு வைக்கலாமா, மருந்தின் வேளையை எப்படி மாற்றுவது என்பதோடு, நோன்பு திறந்தபின் கஞ்சி எவ்வளவு, வடை சமோசா எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடலாம். ஒரு மாதம் முழுவதும் ஊரே உணவை நினைத்து ஒழுங்குபடுத்தும் காலம் அது. பழக்கத்தை மாற்ற அதைவிட நல்ல வாய்ப்பு ஆண்டில் வேறு இல்லை. ஜமாஅத்துகள் முன்வந்தால் பள்ளிவாசல் தோறும் அதற்கு முன்னோட்ட முகாம் நடத்தலாம். நானும் என் சக மருத்துவர்களும் வரத் தயாராக இருக்கிறோம்.

இளம் மருத்துவர்களே, செவிலியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். "எடையைக் குறைங்க" என்று சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சொல்லாமல் விடுவது கடமை தவறுவதாகும். சொல்வதற்கு முன் பேச அனுமதி கேளுங்கள். சொன்ன பிறகு, "உங்களால் முடிந்தது எது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைச் சீட்டில் எழுதுங்கள், திரும்பி வர ஒரு தேதி கொடுங்கள். அந்தத் தேதியில் எடை குறையாமல் வந்தாலும் அவரை முகம் மலர்ந்து வரவேற்றுப் பேச்சைத் தொடருங்கள். திரும்பி வந்ததே சிகிச்சை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.